பயிற்சி நேரத்தில் எதைக் குடிப்பது? தண்ணீர் முதல் விளையாட்டுப் பானம் வரை ஓர் ஒப்பீடு

கோடை தொடங்கியதிலிருந்து ஒரே கேள்வி மூன்று வடிவங்களில் வந்து சேர்ந்திருக்கிறது. சென்னையில் ஞாயிறுதோறும் 20 கிலோமீட்டர் ஓடும் ஒருவர், வழியில் குடிக்க இளநீர் போதுமா, கடையில் விற்கும் விளையாட்டுப் பானம் வேண்டுமா என்று கேட்கிறார். லீக் ஆட்டங்களில் வேகப்பந்து வீசும் கல்லூரி மாணவர், நாள் முழுவதும் தண்ணீர் குடித்தும் மாலையில் தலைவலியோடுதான் வீடு திரும்புவதாக எழுதியிருக்கிறார். பள்ளிக் கபடி அணியில் ஆடும் 14 வயதுப் பெண்ணின் தாயார், வயிற்றுப்போக்குக்குக் கரைத்துக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். தூளைத் தினமும் கரைத்துக் கொடுத்தனுப்பலாமா என்கிறார். மூவரும் 'எது சிறந்தது' என்றே கேட்டிருக்கிறார்கள். ஆனால் பானத்தை மட்டும் பார்த்து அதற்குப் பதில் சொல்ல முடியாது. எவ்வளவு நேரம் ஆடுகிறோம், எவ்வளவு வியர்க்கிறது, அடுத்த வேளைச் சாப்பாடு எப்போது என்ற மூன்றையும் அறிந்த பிறகே பானத்தின் பெயருக்கு வர வேண்டும்.

எதை வைத்து முடிவு செய்வது

முதலில் வியர்வையின் அளவு. பயிற்சி செய்வோரிடம் இது பெரும்பாலும் மணிக்கு அரை லிட்டரிலிருந்து 2 லிட்டர் வரை வேறுபடுகிறது. ஒரே அணியில் ஒரே பயிற்சியைச் செய்யும் இருவருக்கிடையே கூட இரு மடங்கு வேறுபாடு இருக்கலாம். இதைக் கண்டறிய வீட்டு எடைக்கருவியே போதும். பயிற்சிக்கு முன் சிறுநீர் கழித்துவிட்டுக் குறைந்த உடையில் எடை பார்த்துக்கொண்டு, முடிந்ததும் உடலைத் துவட்டிவிட்டு அதே அளவு உடையில் மீண்டும் பார்க்க வேண்டும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒன்றரை மணி நேரப் பயிற்சிக்குப் பின் 59.2 கிலோ இருக்கிறார், இடையில் அரை லிட்டர் குடித்திருக்கிறார் என்றால், அவர் இழந்த வியர்வை 1.3 லிட்டர், அதாவது மணிக்கு ஏறத்தாழ 870 மில்லி. உடல் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் இழக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி 2007-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின் மையக் கருத்து. நம் உதாரண மனிதருக்கு அந்த எல்லை 1.2 கிலோ, அவர் இழந்தது 0.8 கிலோ. எனவே ஆடுகளத்திலேயே ஒவ்வொரு சொட்டையும் ஈடுகட்ட வேண்டும் என்று அவர் பதற வேண்டியதில்லை.

கடற்கரை ஊர்களுக்கு இங்கே ஒரு தனிக் குறிப்பு தேவைப்படுகிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை உடலிலிருந்து எடுத்துச் செல்லும். ஆனால் சென்னையிலோ தூத்துக்குடியிலோ காற்றில் ஈரப்பதம் மிகுந்திருப்பதால் வியர்வையின் பெரும்பகுதி ஆவியாகாமல் சொட்டி விழுகிறது, சொட்டி விழும் வியர்வை உடலைக் குளிர்விப்பதில்லை. உடல் மேலும் வியர்த்துப் பார்க்கிறது. நீரும் உப்பும் வீணாகின்றன. ஈரப்பதம் குறைந்த உள்மாவட்டத்தில் ஆடிப் பழகியவர் சென்னைக்கு வந்து திணறுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இரண்டாவது, உப்பு. ஒரு லிட்டர் வியர்வையில் பலருக்குச் சோடியம் 1,000 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். சிலருக்கு அதில் பாதி, சிலருக்கு அதைவிடக் கணிசமாக அதிகம். பொட்டாசியமோ 200 மில்லிகிராம் அளவில்தான் வெளியேறுகிறது. இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இளநீரைப் பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும். கறுப்புத் தொப்பியிலோ சட்டையிலோ வெள்ளைக் கோடுகள் படிந்தால், வியர்வை கண்ணில் பட்டு எரிந்தால், நீங்கள் உப்பை மிகுதியாக இழப்பவராக இருக்க வாய்ப்புண்டு.

மூன்றாவது, சர்க்கரை. ஒரு மணி நேரத்துக்குள் முடியும் பயிற்சிக்கு, ஏற்கெனவே சாப்பிட்டதும் தசையில் சேமித்திருப்பதுமே போதும். ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டும்போதுதான் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரையிலான மாவுச்சத்து உண்மையிலேயே உதவுகிறது. சோடியமும் குளுக்கோஸும் சேர்ந்திருந்தால் சிறுகுடல் அவ்விரண்டையும் ஒன்றாக உறிஞ்சுகிறது. அவற்றைத் தொடர்ந்து நீரும் உள்ளே செல்கிறது. எனினும் 100 மில்லியில் 8 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் பானம் வயிற்றிலேயே தங்கி, ஓடும்போது குலுங்கிக் குமட்டும். சாதாரண குளிர்பானங்களில் 10 கிராமுக்கு மேலும் இருப்பதால் அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவே இல்லை. எனர்ஜி டிரிங்க் எனப்படும் காஃபின் பானங்களையும் அப்படியே. அவை நீரிழப்பை ஈடுகட்டத் தயாரிக்கப்பட்டவை அல்ல, சிறுவர்களுக்கு உரியவையும் அல்ல.

மற்றவை பணம், சுத்தம், தூக்கிச் செல்லும் வசதி. இவை சிறியவை போலத் தோன்றினாலும், மாதம் 20 நாள் பயிற்சிக்குச் செல்பவருக்கு இவைதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன.

தண்ணீர்

ஒரு மணி நேரம் வரையிலான பயிற்சி, அதன்பின் இரண்டு மணி நேரத்துக்குள் வீட்டுச் சாப்பாடு என்ற நிலையில் தண்ணீரை மிஞ்சிய தேர்வு இல்லை. இழந்த உப்பு என்னவாகும் என்று கவலைப்படுவோர் ஒரு கணக்கைப் பார்க்கலாம். 1.3 லிட்டர் வியர்வையில் வெளியேறும் சோடியம் ஏறத்தாழ 3.3 கிராம் சமையல் உப்புக்குச் சமம், அதாவது அரைத் தேக்கரண்டியைச் சற்றே தாண்டும் அளவு. சாம்பார், ரசம், கூட்டு, ஊறுகாய், அப்பளம் என்று அமையும் நம் வீட்டுச் சாப்பாட்டில் அதில் பெரும்பங்கு சொல்லாமலே வந்துவிடும்.

தண்ணீரின் மறைமுகச் செலவு நீண்ட நேரப் பயிற்சியில்தான் தெரியும். வியர்வையில் உப்பு போய்க்கொண்டிருக்க, உள்ளே வெறும் நீரே சென்றுகொண்டிருந்தால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். 2002-ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தானில் 488 ஓட்டக்காரர்களின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் இயல்பு அளவுக்குக் கீழே இருந்தது. ஓட்டத்தின்போது எடை கூடியவர்களுக்கும், ஓடி முடிக்க 4 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டவர்களுக்கும் இது அதிகமாகக் காணப்பட்டது. ஓடியும் எடை கூடுவதென்றால் வியர்த்ததைவிட அதிகமாகக் குடித்திருக்கிறார்கள் என்று பொருள். வேகமாக ஓடுபவரைவிட, மெதுவாக ஓடி ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் நின்று குடிப்பவரே இதில் கவனமாக இருக்க வேண்டும். 'முடிந்த அளவு குடியுங்கள்' என்ற அறிவுரையை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இளநீர்

தமிழ்நாட்டில் இளநீரைக் குறை சொல்வது பெரும் துணிச்சல் என்பது எனக்குத் தெரியும். எனவே முதலில் நிறையைச் சொல்லிவிடுகிறேன். அது காய்க்குள் மூடியிருப்பதால் சுத்தமானது. சர்க்கரை 100 மில்லிக்கு 3 முதல் 5 கிராம் அளவிலேயே இருப்பதால் வயிற்றில் கனக்காது. வெயிலில் களைத்த ஒருவர் விரும்பிக் குடிக்கும் சுவை அதற்குண்டு. விரும்பிக் குடிப்பது சாதாரண விஷயம் இல்லை. சுவை பிடித்தால்தான் போதிய அளவு உள்ளே போகும்.

குறை உப்பின் வகையில் இருக்கிறது. வியர்வையில் சோடியம் மிகுதி, பொட்டாசியம் சொற்பம் என்று பார்த்தோம். இளநீரில் நிலைமை தலைகீழ். ஒரு லிட்டரில் பொட்டாசியம் 2,000 மில்லிகிராமைத் தாண்டும். சோடியம் காய்க்குக் காய், மண்ணுக்கு மண் மாறினாலும் பெரும்பாலும் பொட்டாசியத்தில் பாதிக்கும் குறைவு, பல காய்களில் மிகமிகக் குறைவு. இரண்டு மணி நேரம் வியர்த்தவர் இளநீரை மட்டுமே நம்பினால், அதிகம் இழந்தது குறைவாகவும், குறைவாக இழந்தது அதிகமாகவும் திரும்பி வருகிறது. பயிற்சி முடிந்து, இளநீரோடு உப்பிட்ட வேர்க்கடலையோ சுண்டலோ இட்லி சாம்பாரோ சேர்த்துச் சாப்பிடுபவருக்கு இந்தக் குறை உடனே அடைபட்டுவிடும். ஓட்டத்தின் நடுவே அதை மட்டுமே குடிப்பவருக்கு அடைபடாது.

பணமும் ஒரு தடை. ஒரு காய் 40 முதல் 60 ரூபாய் என்றால், அதில் கிடைப்பது பெரும்பாலும் 250 முதல் 350 மில்லி. 20 பயிற்சி நாளுக்கு நாளொன்றுக்கு ஒன்று என்றாலே மாதம் 1,000 ரூபாயை ஒட்டுகிறது, ஒரு காயால் ஒரு லிட்டர் வியர்வையை ஈடுகட்டவும் முடியாது. வழுக்கை முற்றியிருக்கிறதா, தண்ணீர்க் காயா என்பது வெட்டிய பிறகே தெரியும் என்பதால் அளவிலும் உறுதி இல்லை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், பொட்டாசியத்தை உடலில் தங்கவைக்கும் சில இரத்த அழுத்த மாத்திரைகளை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தினமும் இளநீர் குடிக்கக் கூடாது.

நீர்மோர்

மோர் ஒரு நல்ல பானம், ஆனால் பயிற்சிக்குப் பிந்தைய பானம். உப்பைத் தேவைக்கேற்பப் போட்டுக்கொள்ளலாம். தயிரிலிருந்து சிறிது புரதமும் கால்சியமும் வருகின்றன. ஓட்டத்தின் நடுவிலோ கபடியில் மூச்சடக்கிப் பாடிச் செல்வதற்கு முன்போ அதைக் குடித்தால் புளிப்பு மேலே எதுக்களிக்கும். சித்திரை வெயிலில் பையில் மூன்று மணி நேரம் கிடந்த மோர் என்ன ஆகும் என்பதையும் நான் விளக்கத் தேவையில்லை. வீடு திரும்பியதும் ஒரு சொம்பு நீர்மோர், அல்லது சின்ன வெங்காயத்தோடு கம்பங்கூழ் என்றால், மேற்கொண்டு எந்தப் பொட்டலத்தையும் பிரிக்கத் தேவையிராது.

எலுமிச்சை உப்புச் சர்க்கரைத் தண்ணீர்

என் தேர்வு இதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: அளந்து போட வேண்டும்.

சமையல் உப்பைக் கால் தேக்கரண்டி, தலைதட்டி எடுத்தால், ஏறத்தாழ 1.5 கிராம், அதில் சோடியம் 600 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீரில் அந்தக் கால் தேக்கரண்டி உப்பும், தலைதட்டிய 10 தேக்கரண்டிச் சர்க்கரையும், ஒன்றிரண்டு எலுமிச்சம்பழச் சாறும் சேர்த்தால், சோடியத்தில் கடைப் பானத்தைச் சற்று மிஞ்சும், சர்க்கரையில் அதைவிடக் குறைந்த, 4 விழுக்காட்டுப் பானம் கிடைத்துவிடும். மேலே குறிப்பிட்ட 2007 வழிகாட்டுதல் நீண்ட பயிற்சிக்கான பானத்தில் எதிர்பார்க்கும் சோடியம் லிட்டருக்கு ஏறத்தாழ 460 முதல் 690 மில்லிகிராம். நம் சமையலறைக் கால் தேக்கரண்டி அந்த எல்லைக்குள் சரியாக அமர்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடுபவர் சர்க்கரையை 12 தேக்கரண்டி வரை உயர்த்திக்கொள்ளலாம்.

பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. 'ஒரு சிட்டிகை உப்பு' என்று விரல் நுனியில் எடுத்து ஒரு லிட்டர் பாட்டிலில் போடுகிறார்கள். சிட்டிகை என்பது கால் தேக்கரண்டியில் நான்கில் ஒரு பங்கு கூட வராது. அல்லது கைக்கு வந்தபடி போட்டு, வாயில் வைக்க முடியாமல் கரித்துப்போக, பிள்ளை அதை மைதானத்து மரத்தடியில் ஊற்றிவிட்டு வருகிறது. இந்துப்பு போட்டால் விசேஷம் என்ற நம்பிக்கையும் பரவியிருக்கிறது; அதிலும் இருப்பது பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான், அயோடின் சேர்க்கப்படாததும் உண்டு. சர்க்கரைக்குப் பதில் வெல்லமோ நாட்டுச் சர்க்கரையோ போடலாம், அதனால் கெடுதல் இல்லை. வேலை செய்யும் பொருள் மூன்றிலும் ஒன்றே.

இதன் மறைமுகச் செலவு உழைப்பு. தினமும் காலையில் யாரோ ஒருவர் பழம் பிழிந்து, அளந்து, கரைத்து, பாட்டிலைக் கழுவ வேண்டும். அந்த 'யாரோ ஒருவர்' பெரும்பாலும் அம்மாதான். பயிற்சிக்குப் போகிறவரே கரைத்துக்கொள்ளப் பழகுவது நல்லது, ஐந்து நிமிட வேலைதான். கோடையில் ஒரு பழம் 10 ரூபாயைத் தொடும்போதும் லிட்டருக்கு 20 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

ஓ.ஆர்.எஸ்.

ஓ.ஆர்.எஸ். நோய்க்கான மருந்தாகப் பிறந்தது. 1971-இல் வங்காள அகதி முகாம்களில் காலரா பரவியபோது மருத்துவர் திலீப் மகலனாபிஸ் வாய்வழிக் கரைசலால் ஏராளமானோரைக் காப்பாற்றினார். வயிற்றுப்போக்கில் இழக்கும் உப்பைக் கணக்கிட்டு அமைத்த கரைசல் அது. உலக சுகாதார நிறுவனத்தின் இப்போதைய வாய்பாட்டின்படி ஒரு லிட்டரில் குளுக்கோஸ் 13.5 கிராம், சமையல் உப்பு 2.6 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம் இருக்க வேண்டும். சோடியம் மொத்தம் 1,725 மில்லிகிராம் வருகிறது; சராசரி வியர்வையை விட அதிகம். சர்க்கரையோ ஓடுபவருக்கு எரிபொருளாகும் அளவுக்கு இல்லை.

உப்பை மிகுதியாக இழப்பவர், வெயிலில் காலையும் மாலையும் இரு வேளை பயிற்சி செய்பவர், அல்லது ஆட்டங்களுக்கு நடுவே சரியாகச் சாப்பிட முடியாதவர் ஆகியோருக்கு இது நல்ல ஏற்பாடு. ஒரு மணி நேரம் ஆடும் பள்ளிப் பிள்ளைக்குத் தினசரிப் பானமாக இது தேவையில்லை. அடிக்கடி காணும் தவறு அளவில் நேர்கிறது: ஒரு லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டர் பாட்டிலில் கொட்டிவிடுகிறார்கள், அல்லது சுவை போதவில்லை என்று மேலும் சர்க்கரை சேர்க்கிறார்கள். இரண்டுமே கரைசலின் அடர்த்தியைக் குலைத்து, தாகத்தையும் வயிற்றுக் கோளாறையும் வரவழைக்கும்.

கடையில் காகித அட்டைப்பெட்டியில் பழச்சுவையோடு விற்கப்பட்ட சில இனிப்புப் பானங்கள், பெயரில் ஓ.ஆர்.எஸ். என்ற எழுத்துகளைத் தாங்கி நீண்ட காலம் மருந்துக் கடைகளிலேயே இருந்தன. உலக சுகாதார நிறுவன வாய்பாட்டுக்குப் பொருந்தாத உணவுப் பொருள்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. ஆகவே வாங்கும்போது முன்பக்கப் பெயரை விட்டுவிட்டு, பின்பக்கத்தில் உலக சுகாதார நிறுவன வாய்பாடு என்ற குறிப்பும் மேலே சொன்ன கிராம் அளவுகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

விளையாட்டுப் பானம்

1965-இல் புளோரிடா பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேடும் அவருடைய குழுவினரும், வெயிலில் ஆடித் துவளும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காகக் கேட்டரேட் என்ற பானத்தைத் தயாரித்தனர். அதன் வழிவந்த பானங்களில் சர்க்கரை 6 விழுக்காடு, சோடியம் லிட்டருக்கு 400 முதல் 500 மில்லிகிராம் என்பது பொதுவான அமைப்பு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உழைப்பவருக்கு இது பொருத்தமான கலவை. ஒவ்வொரு பாட்டிலிலும் ஒரே அளவு, ஒரே சுவை, மூடி திறக்கும் வரை சுத்தம் என்பவையும் அதன் பலங்கள். வெளியூர்ப் போட்டிக்குச் சென்று எந்தக் குழாய்த் தண்ணீரை நம்புவது என்று தெரியாமல் நிற்கும்போது இவற்றின் அருமை புரியும்.

தேவையில்லாதவர் குடிப்பதில்தான் சிக்கல். அரை லிட்டர்ப் பாட்டிலில் 30 கிராம், அதாவது ஏழரைத் தேக்கரண்டிச் சர்க்கரை. முக்கால் மணி நேரம் பூப்பந்து ஆடிவிட்டு அதைக் குடிப்பவர், ஆட்டத்தில் செலவிட்டதில் ஒரு நல்ல பகுதியைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார். புளிப்பு மிகுந்த பானம் என்பதால் நாள் முழுவதும் சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டிருந்தால் பல் எனாமலும் தேயும்.

ஒரே பார்வையில்

| பானம் | சோடியம் (லிட்டருக்கு) | சர்க்கரை (லிட்டருக்கு) | தோராயச் செலவு (லிட்டருக்கு) | பொருந்தும் நிலை |
|---|---|---|---|---|
| தண்ணீர் | ஏறத்தாழ இல்லை | இல்லை | வீட்டிலிருந்து எனில் மிகச் சொற்பம் | 1 மணி நேரம் வரை, பின் சாப்பாடு |
| இளநீர் | காய்க்குக் காய் மாறும் | 30–50 கிராம் | 150–200 ரூபாய் | பயிற்சி முடிந்தபின், உப்புள்ள உணவோடு |
| நீர்மோர் (கால் தேக்கரண்டி உப்புடன்) | சுமார் 700 மி.கி. | சுமார் 10 கிராம் பால் சர்க்கரை | 20–30 ரூபாய் | வீடு திரும்பியபின் |
| எலுமிச்சை உப்புச் சர்க்கரைத் தண்ணீர் | சுமார் 600 மி.கி. | 40 கிராம் | 20 ரூபாய்க்குள் | 1 மணி நேரத்துக்கு மேல், பயிற்சியின் நடுவே |
| ஓ.ஆர்.எஸ். | 1,725 மி.கி. | 13.5 கிராம் | 20–25 ரூபாய் | கடும் வியர்வை, இரு வேளைப் பயிற்சி, வயிற்றுப்போக்கு |
| விளையாட்டுப் பானம் | 400–500 மி.கி. | 60 கிராம் | 100 ரூபாய் அளவில் | ஒன்றரை மணி நேரத்துக்கு மேல், வெளியூர்ப் போட்டி |

கேட்ட மூவருக்கும்

ஞாயிறு ஓட்டக்காரருக்கு: 20 கிலோமீட்டர் என்பது உங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் என்றால், நடுவில் எலுமிச்சை உப்புச் சர்க்கரைத் தண்ணீரையோ விளையாட்டுப் பானத்தையோ குடியுங்கள், இளநீரை ஓடி முடித்த பிறகு, சிற்றுண்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். போட்டியில் எந்தப் பானம் தரப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்து, பயிற்சி ஓட்டங்களிலேயே அதை இரண்டு மூன்று முறை குடித்துப் பாருங்கள். புதிய பானத்தை வயிறு முதன்முதலாகச் சந்திக்கும் நாள் போட்டி நாளாக இருக்கக் கூடாது.

வேகப்பந்து வீச்சாளருக்கு: தலைவலிக்குக் காரணம் பலவாக இருக்கலாம் என்பதால், இரண்டு ஆட்ட நாள்களில் காலையிலும் மாலையிலும் எடை பாருங்கள். எடை ஒன்றரைக் கிலோவுக்கு மேல் குறைந்திருந்தால் நீங்கள் குடித்தது போதவில்லை. எடை குறையாமலோ சற்றுக் கூடியோ இருந்தால், நீர் போதுமான அளவு உள்ளே போயிருக்கிறது, உப்பு போதிய அளவு சேரவில்லை என்று ஊகிக்கலாம். அப்போது உணவு இடைவேளையில் உப்புள்ள சாப்பாடும், தேநீர் இடைவேளையில் அளந்து கரைத்த ஓ.ஆர்.எஸ்ஸும் எடுத்துப் பாருங்கள். தசைப்பிடிப்பும் இருந்தால் உப்பை மட்டுமே குற்றம் சொல்லாதீர்கள். பழக்கத்துக்கு மீறிய ஓவர்களால் களைத்த தசையும் பிடித்துக்கொள்ளும். வாந்தி, குழப்பமான பேச்சு, தள்ளாட்டம் என்று ஏதேனும் தோன்றினால் அது பானத்தால் தீரும் நிலை இல்லை. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

கபடி ஆடும் மகளின் தாயாருக்கு: 75 நிமிடப் பயிற்சி, பிறகு வீட்டுச் சாப்பாடு என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டினாலும், பின்னாலேயே சாப்பாடு இருப்பதால் ஒரு லிட்டர் தண்ணீரும், பயிற்சி முடிந்ததும் தின்ன ஒரு பிடி உப்புக் கடலையும் ஒரு வாழைப்பழமும் போதும். மாநிலப் போட்டி முகாம் போல இரு வேளைப் பயிற்சி நடக்கும் வாரங்களில் மட்டும் எலுமிச்சை உப்புச் சர்க்கரைத் தண்ணீருக்கு மாறலாம். ஓ.ஆர்.எஸ்ஸை வயிற்றுப்போக்கு நாள்களுக்கு அலமாரியில் வைத்திருங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டியிருக்கிறது. கொடுத்தனுப்பும் பாட்டில் மாலையில் பாதி நிறைந்தபடியே திரும்பி வருகிறது என்று குறிப்பிட்டிருந்தீர்கள். அதற்குச் சுவை காரணமாக இல்லாமலும் போகலாம். பள்ளிக் கழிப்பறைக்குப் போக நேரும் என்பதற்காகவே காலையிலிருந்து தண்ணீரைத் தவிர்க்கும் மாணவிகளை நான் பல அணிகளில் பார்த்திருக்கிறேன்; அவர்கள் ஆடுகளத்துக்கு வரும்போதே நீரிழப்போடுதான் வருகிறார்கள், பிறகு எந்தப் பானத்தைக் கொடுத்தாலும் அது பிந்திய முயற்சியாகவே இருக்கும். மகளிடம் இதைத் தனியாகக் கேளுங்கள். காரணம் அதுதான் என்றால், வகுப்பாசிரியரையும் உடற்கல்வி ஆசிரியரையும் சந்தித்து, பயிற்சிக்கு முன் மாணவிகளுக்குத் திறந்திருக்கும், தண்ணீர் வரும், தாழ்ப்பாள் உள்ள ஒரு கழிப்பறையை உறுதி செய்யச் சொல்லுங்கள்.